பூஜைக்கு வைத்த தக்கை

என் மேஜை இழுப்பறையில் ஒரு பித்தளைத் தக்கை ஆறு வருடம் கிடந்தது. கட்டைவிரல் பருமன்தான். திருகுவரிகளில் குங்குமம் அப்பியிருக்கும். பாய்ப்படகின் பின்பக்கம், அடியில், ஓர் ஓட்டை உண்டு. கரையேறியதும் உள்ளே சேர்ந்த தண்ணீரை வடிக்க. கடலில் இறங்குமுன் அதை இந்தத் தக்கையால் திருகி மூட வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

படகு என் தங்கையின் கணவருடையது. மாப்பிள்ளை சிறுசேரி ஐ.டி. கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றி வேன் ஓட்டுகிறார். அதில் தினமும் வந்த ஒருவர் வெளிநாடு போகும்போது தன் பழைய படகை இவரிடம் விற்றுவிட்டுப் போனார். மூன்று பேர் உட்காரலாம், இன்ஜின் கிடையாது. "டீசல் வேணாம், ஹாரன் வேணாம், காத்தே இஸ்துகினு போவுது மச்சான்!" என்று பூரித்தார். மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு குப்பத்து மணலில் ஏற்றி வைத்தோம். ஞாயிறு தவறாமல் இருவரும் போவோம். தண்ணீரைக் கண்டாலே நடுங்கும் தங்கை மட்டும் வரவே இல்லை. ஒரு வருடம் கெஞ்சிய பிறகு, "ஒரே ஒரு வாட்டி வர்றேன். பயமா இருந்துச்சின்னா அத்த வித்துடணும்" என்றாள். மாப்பிள்ளை சத்தியமே செய்துவிட்டார்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் போவதாக ஏற்பாடு. வேன் சாவி, ஸ்பேனர் எல்லாவற்றுக்கும் தங்கை பொட்டு வைத்தாள். படகை வீட்டுக்குக் கொண்டுவர முடியாதே என்று மாப்பிள்ளை தக்கையைக் கழற்றி வந்து சாமி படத்தின் முன் வைத்திருந்தார். பூஜைக்கு வைத்ததை மறுநாள் வரை தொடக்கூடாது. யாரும் தொடவில்லை. மறுநாள் எடுக்கவும் இல்லை.

நான் மறைமலைநகரில் தரப் பரிசோதகன். பெருமைக்குப் படகுக்கும் ஒரு செக்லிஸ்ட் போட்டிருந்தேன். கம்பெனியில் டீ வரும் நேரத்தில் மளமளவென்று டிக் போட்டுப் பழகிய கை, கரையிலும் அப்படியே போட்டது. 'தக்கை' என்ற வரியிலும் ஒரு டிக்.

இருவரும் தனியாகப் போகட்டும் என்று கரையில் நின்றேன். விளிம்பை இறுகப் பிடித்திருந்த தங்கை, சற்றுப் பொறுத்து ஒரு கையை விட்டாள், சிரித்தாள். அப்புறம் பின்பக்கம் தாழ்ந்தது, அலறினாள். மீன்பிடிக்க வந்தவர்கள் இருவரையும் தூக்கிப் படகையும் இழுத்து வந்தார்கள். "யாரு செக் பண்ணது?" என்று நனைந்த புடவையைப் பிழிந்துகொண்டே கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளை, "நான்தான்" என்றார். அப்பாடா என்றிருந்தது எனக்கு. வெட்கக்கேடு, ஆனால் அதுதான் உண்மை.

அந்த மாதமே படகு கைமாறியது. சாமி படத்தின் முன்னிருந்த தக்கையை நான் சத்தமில்லாமல் எடுத்துவந்துவிட்டேன். அதன்பின் கோயிலோ கல்யாணமோ, வேனில் ஏறுமுன் தங்கை மாப்பிள்ளையிடம் கேட்பாள்: "எல்லாம் பாத்தியா? நல்லா பாத்தியா?" ஒரு கீறல் படாமல் வண்டி ஓட்டும் மனிதர், இறங்கிப் போய் டயரைத் தட்டிப் பார்த்துவிட்டு வருவார்.

இந்த வருடப் பூஜைக்குத் தக்கையைக் கொண்டுபோய்ச் சாவிக்குப் பக்கத்தில் வைத்தேன். "இன்னாண்ணா இது?" என்றாள் தங்கை. எல்லாவற்றையும் சொன்னேன். மாப்பிள்ளைதான் குறுக்கிட்டார்: "வுடு மச்சான். செக் பண்றதுதான் உன் பொழப்பு. அதுலயே பேரு கெட்டா இன்னா கீது? அதான் அன்னிக்கு நான்னு சொன்னேன்." தங்கை தக்கைக்குப் பொட்டு வைத்தாள்.

மறுநாள் அச்சரப்பாக்கத்தில் ஒரு கல்யாணம். படத்தின் முன் தக்கை அப்படியே இருந்தது. மாப்பிள்ளை வழக்கம்போல டயரைத் தட்ட இறங்கப் போனார். "நீ உக்காரு" என்று அவருக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டாள் தங்கை. பிறகு பின்சீட்டில் இருந்த என் பக்கம் திரும்பினாள்.

"எல்லாம் பாத்தியாண்ணா? நல்லா பாத்தியா?"

இறங்கிப் போய்ப் பார்த்தேன்.