வெயில் இல்லாத நாளில் பறந்த பூச்சி

வீட்டில் பற்பசையை மாற்றிவிட்டார்கள். மிச்சமிருக்கும் ஒன்பது பற்களுக்காக என்னிடம் யார் கருத்துக் கேட்கப் போகிறார்கள்? காலையில் வாயில் வைத்ததும் கடுகை அரைத்தது போல ஒரு காரம் மூக்கில் ஏறியது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு டியூபைத் திருப்பிப் பார்த்தால் மிஸ்வாக் என்று போட்டிருக்கிறது. கொப்பளிக்காமல் அப்படியே நின்றுவிட்டேன். மருமகள் வந்து, "மாமா, தண்ணி வரலியா?" என்று கேட்டாள். வருகிறது என்றேன்.

அந்தக் காரம் எனக்குப் பழையது. உகாய் மரத்துக் குச்சியின் காரம். எண்ணூருக்கு வடக்கே, வள்ளூரைத் தாண்டி, உப்பங்கழி ஓரமாக அந்த மரங்கள் புதர் புதராக நின்றன. பழவேற்காட்டு முஸ்லிம்கள் அதைத்தான் மிஸ்வாக் என்று ஒடித்துப் பல் துலக்குவார்கள். ஐம்பதுகளில் நான் அங்கே பக்கிங்காம் கால்வாயின் ஒரு லாக்கில் கிளார்க்காக இருந்தேன். வாய்க்காலின் குறுக்கே இரண்டு ஜோடிக் கதவுகள். நடுவில் படகை நிறுத்தி, தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ அந்தப் பக்கம் அனுப்புவார்கள். கதவைத் தள்ளுவது முனுசாமியின் வேலை. படகின் நம்பர், சரக்கு, வந்த நேரம் எழுதுவது என் வேலை. காலையில் மழைமானியைப் பார்த்து வானம் எப்படி இருந்தது என்றும் எழுத வேண்டும். இதற்காகவா மன்னார்குடியிலிருந்து ஒருவனை இவ்வளவு தூரம் அழைத்து வந்தார்கள் என்று எனக்கே தோன்றும்.

எனக்கு இருபத்துமூன்று வயது. சர்க்கார் உத்தியோகம் என்று ஊரில் எல்லாருக்கும் பெருமை. இங்கே உப்புக்காற்றும் சேறும்தான் துணை. படகுகள் வரும், ஸ்ரீஹரிக்கோட்டை விறகு, கிளிஞ்சல், கருவாடு என்று ஏதாவது இருக்கும். அரை மணி நேரம் சத்தமாக இருக்கும், அப்புறம் போய்விடும். சில நாள் சாயங்காலம் முனுசாமியிடம் ஏதோ கேட்க வாயைத் திறந்தால் குரல் கரகரக்கும். காலையிலிருந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பது அப்போதுதான் தெரியும்.

"இன்னா சார், குந்திக்கினே கீற. ஊட்டு நெனப்பா?" என்பான் முனுசாமி.

"இல்லைப்பா, சும்மா."

"சும்மா குந்தினா பேஜாருதான் சார்" என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குப் போய்விடுவான். அவனுக்கு வீடு இருந்தது, பெண்டாட்டி இருந்தாள், சண்டை போட நாலு பிள்ளைகள் இருந்தார்கள். அந்தச் சண்டைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நான் சோறு வடிப்பேன்.

ஜலால் வந்தது ஒரு விறகுப் படகில். சென்னையில் ஒரு கல்லூரியின் விலங்கியல் கூடத்தில் டெமான்ஸ்ட்ரேட்டர். பழவேற்காட்டில் கருவாட்டு வியாபாரக் குடும்பம். என் வயதுதான் இருக்கும். பொன்னேரி வரை ரயிலில் போய் அங்கிருந்து பஸ் பிடித்தால் சீக்கிரம் வீடு போய்ச் சேரலாம். ஆனால் கரையோரப் பூச்சிகளைப் பார்ப்பதற்காகவே, திரும்பிப் போகும் காலிப் படகில் ஏறி வந்திருக்கிறான். லாக்கில் தண்ணீர் ஏறுவதற்குள் கையில் வலையோடு கரையில் குதித்தான். பேண்ட் முழங்கால் வரை சேறு. நேராக உகாய் மரங்களிடம் போய் ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்தான். யாரோ தொலைத்த மூக்குத்தியைத் தேடுகிறார்கள் என்று முனுசாமி நினைத்தான்.

அவன் தேடியது ஒரு வண்ணத்துப்பூச்சி. இறக்கையை விரித்தால் தீப்பெட்டி அளவு. நிறம் வெந்த இறால் நிறம், ஓரத்தில் கறுப்புக் கரை. இங்கிலீஷில் ஒரு பெயர் சொன்னான், என் வாயில் நிற்கவில்லை. முனுசாமியின் மனைவி அவன் காட்டிய படத்தைப் பார்த்து, "அய்யே, எறா மாதிரி கீது" என்றாள். அன்றிலிருந்து எங்களுக்கு அது எறா பூச்சி.

"எண்ணூர் வரைக்கும் பாத்துட்டேன் சார்" என்றான் ஜலால். "அதுக்கு வடக்க இந்தக் கரையில யாரும் பாத்ததில்ல. மரம் இருக்குது, பூச்சி இல்ல. இங்க வந்துச்சின்னா இதுதான் அதோட கடைசி ஊரு. எந்தப் பூச்சி எந்த எடத்துல இருக்குதுன்னு நான் ஒரு லிஸ்ட் எழுதிக்கினு இருக்கேன். நீங்க வருசம் பூரா இங்கதான இருக்கீங்க, எனக்குக் கார்டு போடுவீங்களா?"

தேதி, நேரம், வானம், பார்த்தேன் அல்லது இல்லை. இந்த நாலும் போதும் என்றான். பார்க்காத நாளில் சும்மா விட்டுவிடக் கூடாது, 'இல்லை' என்று எழுத வேண்டும். எழுதாவிட்டால் நான் பார்க்கப் போனேனா, தூங்கினேனா என்று அவனுக்கு எப்படித் தெரியும்? படகு நகர ஆரம்பித்த பிறகு கையை வாயருகே குவித்துக் கத்தினான். "ஒண்ணு பாத்தேன்னு எழுதுங்க, அந்த ஞாயித்துக்கெழமையே வந்துடறேன்."

அந்த வார்த்தையைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். பூச்சி எனக்கு ஒரு பொருட்டே இல்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஆள் வருவான், என்னோடு உட்கார்ந்து பேசுவான் என்பதற்காகத் தினமும் பத்து மணி வெயிலில் மரங்களைச் சுற்றினேன். வாரம் ஒரு கார்டு. இல்லை, இல்லை, இல்லை. அவனிடமிருந்தும் பதில் வரும். 'நன்றி. தொடரவும்.' அதையே நான்கு முறை படிப்பேன். படகுக்காரர்களுக்கு என்னைப் பார்த்தால் சிரிப்பு. ஆந்திரா தனியாகப் பிரிந்த புதிது. தடா பக்கத்து வயதான படகோட்டி ஒருவர், "நைனா, ஆளுக்குத்தான் எல்லை போட்டுட்டானுங்க. பூச்சிக்குமா போடுற?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

ஐப்பசி வந்தது. தீபாவளிக்கு லீவு கிடைக்கவில்லை. முனுசாமி வீட்டிலிருந்து இரண்டு அதிரசம் வந்தது. அதைத் தின்றுவிட்டு, மழையில் நனையும் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாளும் தூறல். படகே இல்லை. அன்று கார்டை எடுத்து எழுதினேன். தேதி. காலை பத்தரை. மேகமூட்டம், தூறல். ஒன்று பார்த்தேன்.

வானத்தைப் பற்றிப் பொய் எழுத எனக்குக் கை வரவில்லை பாருங்கள். வானம் சர்க்கார் ரிஜிஸ்டரில் ஏறுகிற விஷயம். அதைத் திருத்துவது தப்பு என்று உத்தியோகம் பழக்கியிருந்தது. பூச்சிக்கு ரிஜிஸ்டர் கிடையாதே.

சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை வந்தான். மீஞ்சூரில் ரயிலிறங்கி, நடந்தும் பாதி வழியில் ஒரு மாட்டுவண்டியில் தொற்றிக்கொண்டும் வந்தான். பையில் ரொட்டியும் அல்வாவும். "நாஷ்டா ஆச்சா சார்?" என்றுதான் முதலில் கேட்டான். அன்று முழுக்கப் பேசினோம். அவன் தங்கை கல்யாணம், என் அம்மாவின் காசம், அவனுடைய புரொபசரின் குறட்டை. மத்தியானம் முனுசாமி மனைவி இறால் குழம்பு கொடுத்தனுப்பினாள். சைவனான நான் சாற்றை மட்டும் ஊற்றிக்கொண்டு அது சைவம் என்று வாதாடினேன். அவன் புரையேறச் சிரித்தான். லாக்குக்கு வந்ததிலிருந்து நான் சிரித்ததும் அன்றுதான்.

மூன்று மணிக்கு மரத்தடியில் உட்கார்ந்தோம். மேகம் மூடிக்கொண்டு வந்தது. அவன் ஒரு குச்சியை ஒடித்துக் கடித்துக்கொண்டே வானத்தைப் பார்த்தான்.

"இந்தப் பூச்சிக்கு நல்ல வெயில் வேணும்பா. வெயில் போச்சின்னா புல்லுல ஒட்டிக்கினு அப்பிடியே கெடக்கும். றெக்கயே விரிக்காது."

மேகமூட்டம், தூறல் என்று கார்டில் என் கையாலேயே எழுதியிருந்தேன். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. "இன்னொரு டீ போடேன்" என்றான். அதுவரை நீங்க, வாங்க என்று பேசிக்கொண்டிருந்தவன், அந்த நிமிஷத்திலிருந்து நீ, வா என்றான். நான் எழுந்துபோய் அடுப்பை ஊதினேன். இப்போதே சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். டீ கொதித்து இறக்கும்வரை நினைத்துக்கொண்டே இருந்தேன். சொல்லவில்லை.

அதற்கப்புறமும் மாதத்துக்கு ஒரு ஞாயிறு வந்தான். நான் 'இல்லை' என்று எழுதினாலும் வந்தான். வரும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாகவும் இருக்கும், உள்ளே அரித்துக்கொண்டும் இருக்கும். அவன் லிஸ்ட் அச்சாகப் போகிறது, அதில் என் பொய்யும் ஏறப்போகிறது. பின்னால் வருகிறவர்கள் இந்த லாக்கைத் தேடி வந்து ஏமாறப் போகிறார்கள். நான்தான் காரணம்.

இனிதான் வேடிக்கை. அடுத்த பங்குனியில், மண் சுடும் வெயிலில், நிஜமாகவே அது வந்தது. உகாய் மரத்தின் நிழல் முடியும் இடத்தில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், இறால் நிறத்தில் பறந்து வந்து ஒரு பூவில் உட்கார்ந்தது. கறுப்புக் கரை, எல்லாம் அவன் காட்டிய படத்தில் இருந்தது போலவே. நான் மூச்சுவிடாமல் நின்றேன். கூப்பிட்டுக் காட்ட முனுசாமியும் இல்லை, மருந்து வாங்கப் போயிருந்தான். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, வாய்க்காலைத் தாண்டி வடக்கே போய்விட்டது.

கார்டை எடுத்தேன். 'வெயில்' என்று எழுதினேன். அடுத்த வார்த்தைக்குப் பேனா நகரவில்லை. மறுபடியும் சோற்றுக்குத் துணை தேடுகிறான் என்று நினைப்பானோ? பழையதைச் சொல்லாமல் புதியதை எப்படிச் சொல்வது? 'இல்லை' என்று எழுதித் தபாலில் போட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த கோழைத்தனங்களில் அதுதான் பெரியது.

இரண்டு வருடத்தில் ஜலால் அண்ணன் கடையைப் பார்க்கப் பம்பாய் போனான். எனக்கு மாயவரத்துக்கு மாற்றல் வந்தது. கார்டுகள் குறைந்து, பொங்கலுக்கும் ரம்ஜானுக்கும் என்றாகி, நின்றன. லிஸ்ட் அச்சானதா என்று கேட்கும் தைரியம் எனக்குக் கடைசிவரை வரவில்லை.

எண்பது வயதில் மகன் காரில் அங்கே அழைத்துப்போனான். வள்ளூரில் பெரிய அனல்மின் நிலையம். வானத்தில் புகை, சாலையில் லாரிகள், இலையெல்லாம் சாம்பல். வாய்க்கால் இருந்தது; கறுப்பாக, அசையாமல், ஆகாயத்தாமரை மூடிக் கிடந்தது. லாக் இருந்த இடத்தில் கொஞ்சம் கருங்கல். உகாய் மரம் ஒன்றுகூட இல்லை. முனுசாமியின் பெயரைச் சொல்லி விசாரித்தால் எந்த முனுசாமி என்று கேட்டார்கள்.

அப்படியே பழவேற்காடு போனோம். ஜலால் இறந்து பல வருடமாகியிருந்தது. தம்பி மட்டும் அந்த வீட்டில் இருந்தார். "லாக்கு கிளார்க்கா நீங்க? அண்ணன் எப்பவும் சொல்லிக்கினு இருக்கும்" என்று உள்ளே போய், ஒரு கோடு போட்ட நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். "லிஸ்டு லிஸ்டுன்னு எழுதுச்சி. அச்சுக்குக் குடுக்கவே இல்ல. இத்த நீங்களே வெச்சிக்கோங்க."

என் கார்டுகள் எல்லாவற்றையும் அவன் வரிசையாகப் பெயர்த்து எழுதியிருந்தான். பங்குனிப் பக்கத்தைப் பார்த்தேன். 'வெயில். இல்லை.' நான் எழுதியதை அப்படியே நம்பியிருக்கிறான். பக்கங்களைப் பின்னால் தள்ளி, தீபாவளிக்கு மறுநாளைத் தேடினேன். 'ஒன்று பார்த்தேன்' என்று நான் எழுதிய இடத்தில், அவனுடைய சின்னக் கையெழுத்தில், இப்படி இருந்தது:

'மேகமூட்டம், தூறல். இல்லை. ஞாயிறு அவசியம் போக வேண்டும்.'

அந்த நோட்டு இப்போது என் அலமாரியில் இருக்கிறது. இன்று பல் துலக்கி முடித்ததும் அதை எடுத்து, பங்குனிப் பக்கத்தில் 'இல்லை' என்பதை அடித்துவிட்டு, 'ஒன்று பார்த்தேன்' என்று எழுதினேன். யாருக்குக் கார்டு போடுவது என்றுதான் தெரியவில்லை.