தறிச் சத்தம் நின்றபோது

அத்தை என்றதும் எனக்குக் கண்ணாடி பதித்த ஒரு மேசைதான் நினைவுக்கு வருகிறது. ஆரணியில் எங்கள் உள்ளூர் கேபிள் சேனலுக்காக முதலாளி அதைச் செய்ய வைத்தார். ஆடுபவர் சீட்டைக் கவிழ்த்து வைக்கும் இடத்தில் கண்ணாடி, அதற்கு அடியில் ஒரு சின்ன கேமரா. எதிரே இருப்பவருக்குத் தெரியாத சீட்டு, வீட்டில் இட்லி தின்றுகொண்டிருப்பவருக்குத் தெரியும். அப்போது நான் அந்த சேனலில் அறிவிப்பாளர். கேமராத் திரையைப் பார்த்துக்கொள்வதும் நானேதான்.

இப்போது என் மகள் செல்போனில் போக்கர் என்ற வெளிநாட்டுச் சீட்டாட்டம் பார்க்கிறாள். பாஷை புரியாவிட்டாலும் நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறேன். புரிய வேண்டியதும் இல்லை. ஒருவன் கையில் ஒன்றுமே இல்லாமல் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறான். அது நமக்குத் தெரியும், எதிராளிக்குத் தெரியாது. "ஐயோ, மாட்டிக்காதடா" என்று மனசு அடித்துக்கொள்கிறது. சுவாரசியம் முழுக்க அந்தத் தவிப்பில்தான் இருக்கிறது. இதை எங்கள் ஊர் எப்போதோ கண்டுபிடித்துவிட்டது என்று சொன்னால் மகள் சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

நாங்கள் சேனலில் நடத்தியது புளுகு ஆட்டப் போட்டி. சீட்டைக் கவிழ்த்து வைத்து "மூணு ராஜா" என்று சொல்ல வேண்டும். நிஜமாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். எதிராளிக்குச் சந்தேகம் வந்தால் "புளுகு" என்று சொல்லித் திருப்பிப் பார்க்கலாம். பொய் என்றால் சொன்னவரும், நிஜம் என்றால் திருப்பியவரும், கீழே கிடக்கும் சீட்டு அத்தனையையும் அள்ளிக்கொள்ள வேண்டும். கை காலியானவர் ஜெயித்தார்.

இறுதி ஆட்டத்துக்கு வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் பட்டுக்கடை மேலாளர். இன்னொருவர் அவர் கடைக்கே சேலை நெய்து கொடுக்கும் என் அத்தை. மேலாளர் மைக்கிலேயே சொன்னார், "அந்தம்மா மூஞ்சியில எல்லாம் எழுதி ஒட்டிகினு இருக்கும். பத்து நிமிசம் போதும்." ஊரே கேட்டது. அத்தை என்னைத் தனியாக இழுத்து, "தோத்துட்டா வாரா வாரம் அந்தக் கடைப் படிய எப்படிடி ஏறுவேன்?" என்றாள். அவள் கை சில்லென்று இருந்தது.

சேனல் அலுவலகம் நெசவாளர் தெருவின் மாடியில் இருந்தது. மத்தியான நேரம், சன்னலுக்கு வெளியே வீட்டுக்கு வீடு கைத்தறிச் சத்தம். எல்லோரும் டிவியைத் தறிக்கு நேராகத் திருப்பி வைத்து, நெய்துகொண்டே பார்த்தார்கள். நாங்கள் யோசிக்காமல் விட்டது அதைத்தான். அத்தை முதல் பொய்ச் சீட்டை வைத்ததும், அது திரையில் தெரிந்து, தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டது. தறிகள் நின்றன. மேலாளர் சன்னல் பக்கம் காதைச் சாய்த்தார். "புளுகு" என்றார். இரண்டாவது பொய்க்கும் அப்படியே. அத்தை கை நிறைய சீட்டை அள்ளினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் நேரலையில் வாயைத் திறக்க முடியுமா?

அதற்குள் மேலாளர் கையில் இரண்டே சீட்டு. அத்தை சன்னலை ஒரு தடவை பார்த்தாள், அவரை ஒரு தடவை பார்த்தாள். பிறகு உள்ளங்கையை விரித்துக் கண்ணாடி மேல் வைத்து இரண்டு முறை அழுத்தினாள். மேலாளருக்கு அது சும்மா கை ஊன்றியதாகத்தான் தெரிந்திருக்கும். திரையில் பார்த்த எனக்கு உடம்பு சிலிர்த்தது. தறிச் சத்தத்தில் பேச்சு காதில் விழாது என்பதால், எங்கள் தெருப் பெண்கள் ஒருவருக்கொருவர் காட்டும் சைகை அது. கொஞ்சம் நிறுத்து என்று அர்த்தம்.

கையை எடுத்து, அதே இடத்தில் நாலு சீட்டைக் கவிழ்த்தாள். "நாலு ஆஸு."

நாலும் நிஜமான ஆஸ். ஊருக்கே அது தெரிந்தது. தெருக்கோடி வரைக்கும் ஒரு தறி கூட அசையவில்லை.

மேலாளர் காதைச் சாய்த்தார், சிரித்தார். "புளுகு!"

திருப்பினார். கீழே தெருவில் எழுந்த கூச்சலில் என் மைக் அலறியது. அவர் அத்தனை சீட்டையும் அள்ளி முடிப்பதற்குள் அத்தை மளமளவென்று வைக்க ஆரம்பித்தாள். இப்போது தெரு விடாமல் நெய்தது, பொய்யானாலும் நிஜமானாலும் ஒரே சத்தம். பாவம், அவருக்கு எதைத் திருப்புவது என்றே புரியவில்லை. கடைசிச் சுற்றில் அத்தை எழுந்து நின்று, வெறும் கைகள் இரண்டையும் கேமராவுக்கு விரித்துக் காட்டினாள். அவளை அவ்வளவு நிமிர்ந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

படியிறங்கும்போது மேலாளர் என்னிடம் கேட்டார், "ஏம்மா, அந்த நாலு ஆஸு வெச்சப்போ தறியெல்லாம் ஏன் நின்னுச்சி?"

"கரண்ட் போச்சுங்க" என்றேன்.

கைத்தறிக்குக் கரண்ட் எதற்கு என்று ஆரணியில் குழந்தை கூடக் கேட்கும். அவர் என் முகத்தையே உற்றுப் பார்த்தார். நான் கண் சிமிட்டவில்லை. புளுகு என்று சொல்ல அன்று அவருக்கு வாய் வரவில்லை.