ஜவாஹிறா ராத்தா மிதித்த புல்

எங்கள் வீட்டுக்கும் ஜவாஹிறா ராத்தா வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். கொட்டாஞ்சேனையில் சுவர் என்பது பெயருக்குத்தான். இந்தப் பக்கம் மிளகாய் வறுத்தால் அந்தப் பக்கம் தும்முவார்கள். பின்பக்கம் அந்தச் சுவரில் ஒரு கதவும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் நான் ஊர் சுற்றிவிட்டு வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்குள் அந்தக் கதவு தட்டப்படும். விசாரணை தொடங்கப் போகிறது என்று எங்கள் அம்மா சிரிப்பார்.

நான் கொன்ஸ்ரன்ஸ். கோட்டையில் ஒரு வெள்ளைக்காரக் கொம்பனியில் தட்டெழுத்து வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதற்காக யாரிடமும் ஆறுதல் கேட்டதும் இல்லை. வாரம் முழுக்க மெஷினுக்கு முன்னால் குந்தியிருக்கிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் வீடு பிடிக்காது. சில நாள் கோயில் பாடகர் குழுவோடு கல்கிசைக் கடற்கரைக்குச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போவோம். சில நாள் வெள்ளவத்தையில் இருக்கும் என் தங்கையின் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தெஹிவளையில் மிருகங்கள் பார்ப்போம். ஒன்றும் இல்லாவிட்டால் விக்டோரியா பார்க் இருக்கவே இருக்கிறது.

முஸ்லிம்கள் அக்காவை ராத்தா என்பார்கள், நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். ராத்தா இவற்றில் எதையும் பார்த்ததில்லை. மருதானையில் ஒரு ஒடுக்கமான சந்தில் பிறந்தவர். தகப்பன் தையற்காரர். விளையாடினதெல்லாம் சிமெந்து முற்றத்தில். பதினாறு வயதில் குடைக்கடைத் தாஸிம் நானாவைக் கல்யாணம் முடித்துக் கொட்டாஞ்சேனைக்கு வந்தார். அதற்குப் பிறகு வெளியே போனால் திரை கட்டிய மாட்டுவண்டிதான், அதுவும் கல்யாண வீடு, சாவு விழுந்த மௌத்து வீடு, பிள்ளைப்பேறு வீடு என்று. ஒருமுறை பம்பலப்பிட்டிக்குப் போகும் வழியில் திரை விலகிய இடத்தில் ஒரு பெரிய பச்சை தெரிந்ததாம். என்னவென்று கேட்பதற்குள் வண்டி தாண்டிவிட்டது. அந்தப் பச்சை அவர் மனசில் அப்படியே குந்திவிட்டது.

அவர் கேள்வி கேட்கிற விதமே வேறு. பார்க் அழகாக இருந்ததா என்று ஒருநாளும் கேட்டதில்லை. காலிமுகத்திடலில் காற்று நின்றுபோனால் பட்டம் விடுகிறவர்கள் என்ன செய்வார்கள்? கோர்டன் கார்டினில் இருக்கும் கல் ராணியின் தலையில் காகம் இருந்தால் யார் விரட்டுவார்கள்? ஆட்களெல்லாம் வீட்டுக்குப் போன பிறகு தெஹிவளை யானை யாரைப் பார்த்துக்கொண்டிருக்கும்? மழை வந்தால் இத்தனை பேரும் எங்கே ஒதுங்குவார்கள்? கடைசிக் கேள்வியில் குடைக்கடைக்காரர் பெண்சாதி என்பது தெரியும். எனக்குப் பாதிக்கு மேல் பதில் தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு, அடுத்த ஞாயிறு போய் அவற்றையே பார்க்கத் தொடங்கினேன். சும்மா காலாற நடக்கப் போனவளை இந்த மனுஷி வேலைக்காரி ஆக்கிவிட்டார் என்று எரிச்சலும் வந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், நான் கொழும்பைக் கண் திறந்து பார்த்தது அதன் பிறகுதான்.

ஒருநாள் விக்டோரியா பார்க்கின் புல்லைப் பற்றிக் கேட்டார்.

"காலுக்கு எப்பிடி இரிந்திச்சி?"

"காலுக்கா? சப்பாத்தோடதானே ராத்தா போனனான்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப நீ பாக்கவே இல்லயே, கொன்ஸி."

புல் மேல் அவருக்கு அத்தனை ஆசை வந்ததற்குக் காரணம் ஒடுக்கத்துப் புதன். ஸபர் மாதம் பீடை மாதம் என்று அவர்களில் பழைய ஆட்கள் நம்புவார்கள். அந்த மாதத்தின் கடைசிப் புதன்கிழமை, மாவிலையில் எழுதின ஓதல் வாசகமான இஸ்மைக் கழுவிக் குடித்துவிட்டு, வெளியே போய்ப் புல் மிதிப்பார்கள். புல்லை மிதித்தால் பீடை கழியும். வருஷம் முழுக்க வாசல் தாண்டாத பெண்களும் அன்றைக்குப் பிள்ளைகுட்டிகளோடு, சோற்றுச் சட்டியோடு, திறந்த வெளிக்குப் போவார்கள். ராத்தாவின் பிறந்த வீட்டில் கடலுக்குப் போய்க் கால் நனைப்பதோடு சரி. வாழ்க்கைப்பட்ட வீட்டில் அதுவும் இல்லை. தாஸிம் நானாவின் உம்மா சனக்கூட்டத்துக்குப் பயந்தவர். பெண்கள் புல்லிடம் போவானேன், புல்லே வீட்டுக்கு வரட்டும் என்று ஒரு வழக்கத்தை உண்டாக்கிவிட்டார்.

அதனால் ஒவ்வொரு ஒடுக்கத்துப் புதனும் காலையில், வண்டிமாடுகளுக்குப் புல் விற்கும் அழகர், மட்டக்குளி ஆற்றங்கரையில் மண்ணோடு பெயர்த்த புல்லைச் சாக்கில் கொண்டுவந்து முற்றத்தில் பரப்புவான். ஒரு பாய் அளவு இருக்கும். வீட்டுப் பெண்கள் வரிசையில் நின்று நபி பேரில் ஸலவாத்துச் சொல்லிக்கொண்டு மிதித்துவிட்டு இறங்குவார்கள். மறுநாள் அந்தப் புல்லை ஏதாவது ஒரு மாடு தின்னும். மாமியார் மௌத்தாகி வருஷங்கள் போன பிறகும் அழகர் மட்டும் நேரம் தவறாமல் வந்துகொண்டிருந்தான்.

ராத்தா வருஷா வருஷம் கேட்பார், ஒருதரம் பார்க்குக்குப் போய் வளர்கிற புல்லை மிதிக்க வேண்டும் என்று. தாஸிம் நானா சத்தம் போடுகிறவர் இல்லை. சாந்தமாகத்தான் சொல்லுவார், அடுத்த வருஷம் பார்ப்போம் என்று. சத்தம் போடுகிறவனோடாவது சண்டை பிடிக்கலாம். இந்த மாதிரி ஆளை என்ன செய்வது?

ஒரு வருஷம் ஒடுக்கத்துப் புதன் கழிந்த வியாழன் காலையில் ராத்தா ஒரு சாரத்தோடு கதவைத் தட்டினார். நானா இடுப்பில் உடுக்கும் சாரம். அவர் உடுப்புகளை ராத்தா தன் கையால்தான் கழுவுவார். சாரத்தின் ஓரமெல்லாம் ஊசி ஊசியாக என்னவோ குத்திக்கொண்டிருந்தது. அது ஒட்டுப்புல் விதை என்றும், சிங்கள ஆட்கள் துத்திரி என்பார்கள் என்றும், பார்க்குக்குப் போய்வந்தால் என் சட்டை ஓரத்திலும் இருக்கும் என்றும் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே விளங்கியது.

ராத்தா ஒவ்வொரு விதையாகப் பிடுங்கினார். மட்டக்குளிப் புல்லில் இது இல்லை என்பது மட்டும் அவருக்குத் தெரியும். அழகரிடம் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அப்போதே கடைக்குப் போய் நானாவின் குடைகளையெல்லாம் தெருவில் வீசியிருப்பேன். ராத்தா என்னைத் தடுத்தார். நானா எங்கே போனார் என்பது தெரிந்துவிட்டது, ஏன் போனார் என்பது தெரிய வேண்டும் என்றார். அடுத்த வருஷமும் பொறுத்திருந்து சாரத்தைப் பார்த்தார். அந்த வருஷமும் விதை இருந்தது. அதையும் பிடுங்கிக் கழுவி மடித்து வைத்தார்.

அதற்கு அடுத்தது முப்பத்தொன்பதாம் ஆண்டு. ஐரோப்பாவில் சண்டை வரும் என்று நான் வேலை செய்யும் கந்தோரில் வெள்ளைக்காரர்கள் தேநீர் குடிக்கும்போதெல்லாம் பேசிக்கொண்டிருந்தார்கள். சண்டை வந்தால் விக்டோரியா பார்க்கைப் பட்டாளம் எடுத்துக்கொள்ளும் என்று ஒரு கதை அடிபட்டது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் அதையும் ராத்தாவிடம் சொன்னேன். அவர் முகம் வாடிப்போனது. அடுத்த வருஷம் என்ற ஒன்று இனி இருக்காதா என்று கேட்டார். எனக்கு ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது.

அந்த ஒடுக்கத்துப் புதன் நான் லீவு போட்டிருந்தேன். சுவர்க் கதவு திறந்துதான் இருந்தது. அழகர் புல்லைப் பரப்பிவிட்டுப் போனான். நானாவின் தங்கைகள் நஸீறாவும் ஸமீமாவும் மிதித்து இறங்கினார்கள். மகள் றலியாவும் மிதித்தாள். ராத்தா மட்டும் அடுப்படி வாசலில் மணையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கெஞ்சிப் பார்த்தார்கள், பயமுறுத்திப் பார்த்தார்கள். வீட்டுக்காரி மிதிக்காவிட்டால் பீடை வீட்டிலேயே தங்கிவிடும் அல்லவா? நஸீறா கடைக்கு ஆள் அனுப்பினார்.

தாஸிம் நானா வேர்த்து விறுவிறுத்து வந்தார். அந்த மனுஷனுக்கு உண்மையாகவே பயம். மிதிக்கச் சொல்லி மன்றாடினார். ராத்தா தலை நிமிராமல் கேட்டார்.

"றலியாட வாப்பா, புல்லு வீட்டுக்கு வருமெண்டா, நீங்க என்னத்துக்குப் புல்லுகிட்டப் போனீங்க?"

நானா தன் சாரத்தின் ஓரத்தைக் குனிந்து பார்த்தார், அங்கே இப்போதும் விதை ஒட்டியிருப்பது போல. பொய் சொல்லியிருக்கலாம். கடைக்குப் பின்னால் புல் முளைத்திருக்கிறது என்றாலும் நாங்கள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்போம். அவர் பொய் சொல்லவில்லை, அதற்காகத்தான் அவரை நான் மன்னித்தேன்.

"வீட்டுப் புல்லுல எனக்கு மனசு நெறயல்ல," என்றார்.

"எனக்கு மட்டும் நெறயுமா?"

நானா வெளியே போனார். போய்விட்டார் என்றுதான் நினைத்தோம். நஸீறா அழத் தொடங்கினார். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வாசலில் மணிச் சத்தம் கேட்டது. திரை கட்டிய மாட்டுவண்டி நின்றது. வண்டிக்காரன் பக்கத்தில் நானா, மடியில் ஒரு கட்டுக் குடைகளோடு உட்கார்ந்திருந்தார். மழைக் குணம் ஒன்றும் இல்லை. குடை எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

ராத்தாவோடு நானும் வண்டியில் போய்ப் பார்க்கில் இறங்கிய பிறகுதான் விளங்கியது. ஆலமரங்களுக்கு அப்பால் நானா ஆள் குறைந்த ஒரு மூலையைப் பார்த்து, குடைகளை ஒவ்வொன்றாக விரித்துப் புல்லில் சாய்த்து வைத்தார். கறுப்பு வேலி ஒன்று உண்டாகிவிட்டது. எதிரே வாங்கில் இருந்த ஒரு பறங்கிக் கிழவர் பத்திரிகையை மடித்துவிட்டு வாயைப் பிளந்து பார்த்தார். நானா அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தானும் ஒரு குடையைப் பிடித்தபடி, எங்களைப் பார்க்காமல் நின்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த மனுஷன் காது இரண்டும் சிவந்திருந்தன.

ராத்தா செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலை வைத்தார். மற்றக் காலையும் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு ஸலவாத்துச் சொன்னார். அப்புறம் திடீரென்று கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"இது குத்துது, கொன்ஸி. நீ ஒருநாளும் செல்லல்லயே."

ஏமாந்துவிட்டாரோ என்று பயந்தேன். இல்லை. அவர் கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது. குடை வேலிக்குள் அங்கும் இங்கும் நடந்தார். நிழலில் குளிர்கிறது என்றார், வெயில் பட்ட இடம் சுடுகிறது என்றார், இங்கே கொஞ்சம் பள்ளமாக இருக்கிறது, வந்து பார் என்றார். யார் வெட்டுகிறார்கள் என்று கேட்டார். எனக்குத் தெரியாது. குந்தியிருந்து ஒரு வேரைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், அது வரவில்லை. அழகரின் புல் இப்படிப் பிடித்துக்கொண்டு நிற்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

நானும் சப்பாத்தையும் கால்மேஸையும் கழற்றினேன். இத்தனை வருஷமாக வந்துபோன பார்க்கில் அன்றுதான் முதல்முறை கால் வைத்தேன். குத்தத்தான் செய்தது.

பின்னால் சண்டை வந்தது. பட்டாளம் பார்க்கில் கூடாரம் அடித்தது. பிறகு ராத்தா ஒடுக்கத்துப் புதனுக்கு வேறு இடங்கள் போனார், காலிமுகத்திடலுக்கு ஒருமுறை, கல்கிசைக்கு ஒருமுறை. குடைகளும் கூடவே போகும். அழகர் சாக்கைத் தூக்கிக்கொண்டு வருவது நின்றுவிட்டது. இவை எல்லாவற்றையும் விட எனக்கு மறக்காதது முதல்முறை போய்வந்த மறுநாள் காலை.

வேலைக்குப் புறப்படும் முன் சுவர்க் கதவால் எட்டிப் பார்த்தேன். கழுவுகிற கல்லில் தாஸிம் நானா குந்தியிருந்தார். மடியில் ராத்தாவின் உடுப்பு. அதன் ஓரத்தில் ஒட்டியிருந்த விதைகளைப் பழக்கமில்லாத விரலால் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார். ராத்தா தூணில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாத்தயும் எடுக்காதீங்க," என்றார். "ரெண்டு மூணு இரிக்கட்டும்."