சாங்காயில் சுத்தினது

தொண்ணூற்று நான்காம் ஆண்டளவில் ஜேர்மனியின் ஹம் நகரத் தமிழர்களுக்குள் சீனாவின் இரவு வாழ்க்கையைப் பற்றி அனுபவத்தோடு பேசக்கூடியவர் ஒருவர்தான் இருந்தார். பெயர் பரராசசிங்கம். கூப்பிடுவது சாங்காய் அண்ணை. அகதிகள் விடுதிக் குசினியில் அவர் உருளைக்கிழங்கு உரிக்கத் தொடங்கினால், நாலு பேர் கதிரையை இழுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள்.

"ஆத்தங்கரை முழுக்க லைற். கட்டடம் எரியிற மாதிரி. நானும் செல்வரட்ணமும் டான்ஸ் மண்டபத்துக்குப் போனம். அவன் ஆட ஏறினா இறங்கமாட்டான். சீனப் பெட்டையள் கைதட்டுறாளவை."

"நீங்கள் ஆடேல்லையோ அண்ணை?" என்பான் அன்ரன். மன்னார்க்காரன், அவரோடு ஒரே அறை, பக்கத்துக் கட்டில்.

"எனக்கு முழங்கால் சரியில்லை. அவன்ரை சேட்டு நுனியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்."

உண்மையில் சாங்காயில் அவர் பார்த்தது ஓர் அறை. கரோக்கே மண்டபமொன்றின் பின்பக்கத்தில், காசு வாங்கி ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரன் வெளியே பூட்டிவிட்டுப் போன அறை. காற்றுத் துவாரத்தால் சிவப்பு விளக்கெழுத்து ஒன்றின் பாதி தெரியும். சுவருக்கு அப்பால் யாராவது பாடிக்கொண்டே இருப்பார்கள். கூட இருந்த செல்வரட்ணத்துக்குக் காய்ச்சல் கண்டது. பரராசசிங்கம் கதவைத் தட்டினார். பாட்டுச் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்கவில்லை, அல்லது கேட்டது. ஏஜென்சிக்காரன் வந்து சேர்ந்தபோது செல்வரட்ணத்துக்கு எந்த நாடும் தேவைப்படவில்லை. போர்வையால் சுற்றி வெளியே தூக்கிக்கொண்டு போனார்கள். அவன் சாங்காய் பார்க்கப் போனது அந்த ஒருமுறைதான்.

இதைக் கிழங்கு உரிக்கிற இடத்தில் சொல்ல முடியுமா? ஆகவே குசினியில் அவனை ஆடவிட்டார்.

அகதி விசாரணையில் மட்டும் உண்மை பேசினார். கெட்டது அங்கேதான்.

"சாங்காயில ஏஜென்சி எங்களைச் சுத்திப்போட்டான்" என்றார். சுத்துவது என்றால் ஏமாற்றுவது. யாழ்ப்பாணத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். மொழிபெயர்க்க வந்தவரோ சென்னைக்காரர். நல்ல மனிதர், நல்ல தமிழர்.

"நல்லா சுத்திக் காட்டினாரா?" என்று முகம் மலரக் கேட்டார்.

"ஓம் ஐயா. அவனைப்போல ஒருத்தரும் சுத்தினதில்லை."

முடிவு வந்தது. உயிருக்குப் பயந்து ஓடியவன் வழியில் ஊர் சுற்றிப் பார்த்திருக்கமாட்டான், திருப்பி அனுப்பலாம். மேல்முறையீடு போட்ட பெண் வழக்கறிஞர், வந்த நாளிலிருந்து இவரை அறிந்த சாட்சி ஒருவர் வேண்டும் என்றார். அன்ரன் கேட்குமுன்னே கையைத் தூக்கிவிட்டான்.

வழக்குக்குப் போகும் ரயிலில் பரராசசிங்கம் அவனுக்கு எல்லாவற்றையும் சொன்னார். அறை, பூட்டு, போர்வை.

அன்ரன் யன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னான். "கேசுக்கு நல்ல கதைதான் அண்ணை. முதலே சொல்லியிருந்தா நானும் பாடமாக்கியிருப்பன்."

"கதையில்லையடா. நடந்தது."

"நத்தார்ப் பண்டிகைக்கும் செல்வரட்ணம் அண்ணை ஆடினதைச் சொன்னியள். இப்ப அந்தாளைச் சாக்காட்டுறியள்."

"அன்ரன்…"

"சத்தியம் பண்ணிப்போட்டுப் பொய் சொல்ல எனக்கு ஏலாது. என்ரை காதால கேட்டதைச் சொல்லுறன். உங்களைப் பற்றி ஒரு குறை சொல்லமாட்டன், யோசியாதேங்கோ."

சொன்ன சொல் தவறவில்லை. ஆற்றங்கரை விளக்குகள், கைதட்டிய பெட்டைகள், பிடித்துக்கொண்டு நின்ற சேட்டு, ஒன்றும் விடாமல் சொல்லிவிட்டு வெளியே போனான். நீதிபதி, அந்தச் செல்வரட்ணம் இப்போது எங்கே என்று கேட்டார்.

பரராசசிங்கம் எழுந்தார். எங்கள் பக்கத்தில் மனிதரைச் செத்தான் என்று வெட்டிச் சொல்வதில்லை. மோசம் போனார் என்பதுதான் மரியாதை.

"அவன் சாங்காயிலயே மோசம் போயிட்டான் ஐயா."

மொழிபெயர்ப்பாளர் அதே சென்னைக்காரர். அவருடைய ஊரில் மோசம் போவது என்றால் ஏமாந்து போவது. இரக்கத்தோடு அப்படியே ஜேர்மன் மொழியில் சொன்னார். நீதிபதி எதையோ கேட்டார்.

"யார்கிட்ட மோசம் போனார்னு கேக்கறாங்க."

பரராசசிங்கம் நிமிர்ந்து நின்றார். இந்த நாட்டுக்கு வந்தபின் முதன்முதலாக ஒருவர் சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறார்.

"ஏஜென்சியிட்டைத்தான் ஐயா. வேற ஆரிட்டை?"

நீதிபதி தலையாட்டினார். ஏஜென்சியிடம் ஏமாறாத அகதி எவன்? அதற்குமேல் அதைப் பற்றிக் கேட்க ஒன்றுமிருக்கவில்லை.

வெளியே அன்ரன் காத்திருந்தான். "வடிவாச் சொன்னனானோ அண்ணை?"

"வடிவாச் சொன்னனி."

மேல்முறையீடும் தள்ளுபடியானது, அவரை விமானத்தில் ஏற்றினார்கள். கொழும்பில் இறங்கிய இடத்திலேயே யாரோ வந்து கூட்டிக்கொண்டு போனதாகக் கேள்வி. எங்கே என்று கேள்விக்கும் தெரியாது.

இப்போது குசினியில் அன்ரன்தான் கிழங்கு உரிக்கிறான். புதிதாக வந்தவர்கள் சுற்றியிருந்து கேட்கிறார்கள்.

"அப்ப சாங்காய் அண்ணை கடைசிவரைக்கும் ஆடேல்லையோ?"

அன்ரன் கத்தியை நிறுத்தி, பாதி உரித்த கிழங்கைப் பார்த்தான்.

"பிறகு ஆடினவர்" என்றான். "முழங்கால் சுகம் வந்திட்டுது."