ஐந்தாவதாக வந்த பந்தயம்

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு, பனி முழுதும் கரைந்து தெருக்கள் கறுப்பாகத் தெரியத் தொடங்கியிருந்த ஏப்ரல் மாதம். நான் மொன்றியலில் ஒரு பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். நோத்ர-டாம்-த-கிரேஸ் என்ற பகுதியில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் அம்மா, அப்பா, அண்ணாவோடு இருந்தேன். பல்கலைக்கழகச் சைக்கிள் அணியில் நான் ஒருத்திதான் தமிழ்ப் பெண். எங்கள் சொந்தக்காரருக்கு அது பெரிய பகிடி. “கார் இல்லாத சனமெல்லோ சைக்கிள் ஓடுறது, வீட்டில கார் நிக்க இவளுக்கு என்ன வந்தது?” என்று சின்னம்மா ஒவ்வொரு கொண்டாட்டத்திலும் கேட்பார்.

பல்கலைக்கழகங்களுக்கிடையிலான பந்தயங்களில் பெண்களுக்கு இரண்டு பிரிவுகள் இருந்தன. புதிதாக வருபவர்கள் இரண்டாம் பிரிவில் ஓடுவார்கள். முந்தின வருடம் அதில் நான்கு பந்தயங்கள் வென்றிருந்தேன். எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது. இந்த வருடம் முதல் பிரிவில்தான் ஓடுவேன் என்று நின்றேன்.

எங்கள் அணித் தலைவி பிரெஞ்சு பேசும் ஒரு கியூபெக்காரி. பல் வைத்தியம் படித்துக்கொண்டிருந்தாள், கடைசி ஆண்டு. அவள் என்னை இன்னும் சில பந்தயங்கள் பொறுக்கச் சொன்னாள். காலில் பலம் இருக்கிறது, ஆனால் நெருக்கமான கூட்டத்துக்குள் ஓட இன்னும் பழகவில்லை என்றாள். இரண்டாம் பிரிவில் நான் எப்போதும் தனியாக முன்னே போய் வென்றவள். முதல் பிரிவில் யாரும் என்னைத் தனியே போக விடமாட்டார்கள் என்றும் சொன்னாள். நான் அவளை முந்திவிடுவேன் என்ற பயத்தில் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். கடைசியில் அவள் பெருமூச்சு விட்டுக்கொண்டு முதல் பிரிவுக்கான என் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள்.

பந்தயம் ஆற்றுக்கு அக்கரையில், லொங்குய்ய் நகருக்கு அப்பால், தொழிற்சாலைகள் இருக்கும் ஒரு பகுதியில் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை, கடைகள் பூட்டு, மழைத்தூறல். நாலு மூலை உள்ள ஒரு சின்னத் தெருப் பாதையை இருபத்தைந்து தடவை சுற்ற வேண்டும். அண்ணாதான் தன் வான் வண்டியில் சைக்கிளை ஏற்றி என்னைக் கூட்டிக்கொண்டு வந்தார். மூன்றாவது மூலையில் குடையோடு நின்றார்.

வெடிச் சத்தம் கேட்டதும் எனக்கு விளங்கிவிட்டது, இது வேறு உலகம். முப்பது பெண்கள் தோளோடு தோள் உரச ஓடினார்கள். ஒவ்வொரு மூலையிலும் நான் பிரேக் பிடித்தேன், அவர்கள் பிடிக்கவில்லை. மூலை தாண்டியதும் விட்ட தூரத்தைப் பிடிக்க உயிர் போக மிதித்தேன். பத்தாவது சுற்றில் கூட்டத்தின் வாலில் தொங்கிக்கொண்டிருந்தேன். வாய்க்குள் இரத்தச் சுவை.

அப்போதுதான் அணித் தலைவி முன்னாலிருந்து எனக்காகப் பின்வாங்கி வந்தாள். தன் சைக்கிள் சில்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளச் சொல்லிச் சைகை காட்டினாள். எதிர்க்காற்றைத் தானே தாங்கிக்கொண்டு, இரண்டு சுற்றில் என்னைக் கூட்டத்தின் முன்பகுதிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். அவள் வெல்லக்கூடிய பந்தயம் அது. எனக்காகச் செலவழித்த பலத்தோடு அது போய்விட்டது. கடைசிச் சுற்றுகளில் என்னை முன்னே விட்டு, “போ, நான் உன் பின்னால் நிற்கிறேன்” என்று கத்தினாள்.

கடைசிக்கு முந்தின சுற்று, மூன்றாவது மூலை. தெருவில் சாக்கடைக் குழியின் இரும்பு மூடி ஒன்று மழையில் மினுங்கிக்கொண்டிருந்தது. அதுவரை இருபத்துமூன்று தடவை அதன்மேல் நேராக ஓடியவர்கள் நாங்கள். அந்தத் தடவை மட்டும் எனக்குப் பயம் வந்தது. சட்டென்று இடப்பக்கம் வெட்டினேன்.

என் பின்சில்லில் ஏதோ இடித்து இழுத்தது. பிறகு உலோகம் தெருவில் உரசும் சத்தம், ஒரு பெண்ணின் குரல். நான் விழவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. எங்களுக்கும் பின்னால் வந்தவர்களுக்கும் இடையில் இடைவெளி விழுந்துவிட்டது. முன்னால் நாங்கள் ஏழு பேர்தான்.

கடைசிச் சுற்றில் அதே மூலைக்கு வந்தோம். ஒருவர் மஞ்சள் கொடி காட்டி எங்களை வெளிப்பக்கமாக அனுப்பினார். நடைபாதை விளிம்போடு அணித் தலைவி மல்லாக்கக் கிடந்தாள். வலது கை ஒரு கை மடங்கக்கூடாத பக்கமாக மடங்கியிருந்தது. கண் திறந்திருந்தது. நான் கண்டேன். கண்டபிறகு இன்னும் வேகமாக மிதித்தேன்.

ஐந்தாவதாக வந்தேன். முதல் பிரிவில் முதல் பந்தயத்திலேயே ஐந்தாம் இடம். விழுந்தது தெரியாமல் கோட்டருகே நின்ற அணிப் பெண்கள் கட்டிப்பிடித்து வாழ்த்தினார்கள். அம்புலன்ஸ் சத்தம் பிறகுதான் கேட்டது.

திரும்பும்போது பாலத்தில் ஏறியதும் அண்ணா பேச்சைத் தொடங்கினார்.

“அந்தப் பிள்ளையின்ர சில்லு உன்ர சில்லிலதான் பட்டது. நான் அந்த மூலையிலதான் நிண்டனான்,” என்றார்.

“மழை அண்ணா. வழுக்கினது.”

“வழுக்கேல்லை. நீ வெட்டினனீ. சரி, அது பிழையா நடந்திட்டுது எண்டு வைப்பம். அடுத்த சுற்றில அவ கிடந்ததைக் கண்டனீயோ இல்லையோ?”

“ஓம்.”

“கண்டிட்டும் போனனீ?”

“ஒருத்தரிட்டையும் சொல்லிப்போடாதேங்கோ அண்ணா,” என்றேன். அதற்குப் பிறகு பல நாட்கள் அவர் சாப்பாட்டு மேசையில்கூட என்னோடு கதைக்கவில்லை.

அணித் தலைவிக்கு இடுப்பெலும்பும் வலது மணிக்கட்டும் உடைந்திருந்தன. இரும்பு மூடிதான் காரணம் என்று அணியில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. படிப்பு இருக்கிறது என்று சாக்குச் சொல்லி ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை. பதினோராவது நாள் அணிக் கூட்டத்தில், அவளுக்குப் பதிலாக இனி நான்தான் முன்னணியில் ஓட வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். என் வாய் “மெர்சி” என்றது. அவளுடைய இடத்துக்காக நான் நன்றி சொல்லியிருந்தேன். கூட்டம் முடிய வீட்டுக்குப் போகாமல் நேரே மெட்ரோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அறைவாசலில் அவளுடைய தாய் என் இரண்டு கைகளையும் பிடித்து, வந்ததற்கு நன்றி சொன்னார். எனக்குக் கையை இழுத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. உள்ளே அவள் படுத்திருந்தாள். மணிக்கட்டிலிருந்து உலோகக் கம்பிகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. நான் ஆயத்தப்படுத்திக்கொண்டு போன பிரெஞ்சு வசனம் முழுதும் மறந்துபோனது. “நான்தான் வெட்டினேன்” என்று மட்டும் சொன்னேன்.

“தெரியும். உன் பின்சில்லைத்தானே பார்த்துக்கொண்டு வந்தேன்,” என்றாள். குரலில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது. “நீயாக வந்து சொல்வாய் என்று யாரிடமும் சொல்லவில்லை. பதினொரு நாள் பார்த்தேன்.”

நான் அழுதேன். மன்னிப்புக் கேட்டேன்.

“பந்தயத்தில் எல்லோரும் யாரையாவது விழுத்துவார்கள். நானும் ஒருத்தியை விழுத்தியிருக்கிறேன்,” என்றாள். “ஆனால் அடுத்த சுற்றில் நீ என்னைக் கடந்து போனாய். நீ என்னைப் பார்த்தாய். போ இப்போது, எனக்கு நித்திரை வருகிறது.”

அடுத்த நாள் அணியிடம் சொன்னேன். யாரும் ஏசவில்லை. ஒருத்தி எழும்பி வெளியே போனாள். என்னை இரண்டாம் பிரிவுக்குத் திருப்பி அனுப்பக் கேட்டுப் பந்தயம் நடத்துபவர்களுக்கு எழுதினேன். ஆனால் அதற்குப் பிறகு எந்தப் பிரிவிலும் ஒரு பந்தயத்திலும் ஓடவில்லை. வீட்டில் அண்ணாவிடம் சொன்னபோது, “சாப்பிட்டனீயே?” என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்குத்தான் அன்று நான் விக்கி விக்கி அழுதேன்.

அணித் தலைவிக்குக் கை முழுதாகச் சரிவரவில்லை. விரல்களில் உணர்ச்சி குறைந்துவிட்டதால் பல் வைத்தியம் செய்ய முடியாமல் போனதென்றும், ஏதோ ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறாள் என்றும் இரண்டு மூன்று வருடத்துக்குப் பிறகு கேள்விப்பட்டேன். கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. வராததில் நியாயம் இருக்கிறது.

அவளை விழுத்தியது ஒரு நொடிப் பயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள முடிகிறது. ஆனால் அவள் கிடந்ததைக் கண்ட பிறகும் இன்னும் வேகமாக மிதித்த அந்த அரைச் சுற்றைப் பயம் என்று சொல்லிக்கொள்ள முடியவில்லை.