அப்பா பப்புக்குப் போன ஞாயிற்றுக்கிழமை

எங்கள் அப்பா தம் வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் குடிக்கிற இடத்துக்குள் காலெடுத்து வைத்தார். அதுவும் பெண்டாட்டி பிள்ளையோடு, பட்டப்பகலில், இஸ்திரி போட்ட சட்டையோடு. இடம், இங்கிலாந்தில் ஒரு கிராமம். எனக்கு அப்போது எட்டு வயது.

அம்மா அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருந்தாள். எனக்கு நாலு வயதானபோது, இரண்டு வருடத்தில் திரும்பிவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனவள். லீவுக்கு வருவாள், சாக்லேட் தீர்வதற்குள் போய்விடுவாள். திண்டுக்கல்லில் அப்பாவுக்கு மோட்டார் வைண்டிங் கடை. எனக்குத் தலை பின்னிவிட அத்தை இருந்தாள், அப்பாவின் அக்கா. ஒரு குறையும் இல்லை என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். எனக்கு மட்டும் அம்மா வேண்டும் என்று இருந்தது. அந்த முழுப்பரீட்சை லீவில் அப்பா கடையைப் பூட்டினார். "அம்மாவக் கூட்டிட்டு வந்திருவோம் பாப்பா" என்றார். நான் அதை வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.

நாங்கள் போய் இறங்கிய சில நாளிலேயே ஞாயிறு வந்தது. சர்ச்சில் பூசை முடிந்ததும் அம்மா எங்களைச் சாப்பிடக் கூட்டிப்போனாள். வாசலில் வாத்துப் படம் போட்ட பலகை தொங்கியது. உள்ளே எட்டிப் பார்த்த அப்பா, வரிசையாகப் பாட்டில்களைக் கண்டதும் நின்றுவிட்டார். எங்கள் ஊரில் ஒயின்ஷாப் சந்து வந்தால் என் கையைப் பிடித்து எதிர்ப்பக்கம் கூட்டிப்போகிறவர் அவர். இங்கே எல்லாரும் குடும்பத்தோடு சாப்பிட வருவார்கள், இதற்குப் பெயர் பப் என்று அம்மா விளக்கிக்கொண்டிருக்கும்போதே, சற்றுமுன் பூசை வைத்த ஃபாதர் எங்களுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு உள்ளே போனார். அதற்குமேல் உள்ளே போக மறுக்க அப்பாவிடம் காரணம் எதுவும் மிச்சமில்லை. குனிந்து போகாததால் தாழ்வான உத்தரத்தில் நெற்றியை இடித்துக்கொண்டார்.

உட்கார்ந்தோம். யாராவது தண்ணீர் வைத்துவிட்டு, என்ன இருக்கிறது என்று ஒப்பிப்பார்கள் என அப்பா நிமிர்ந்து காத்திருந்தார். ஒருவரும் வரவில்லை. நம்மைக் கண்டுகொள்ள மாட்டேன் என்கிறார்களோ என்று அவர் முகம் சுருங்கத் தொடங்கியது. இங்கே நாம்தான் போய்ச் சொல்ல வேண்டும் என்று சிரித்தபடி அம்மா எழுந்து போனாள். கவுண்டர்க்காரர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவள் வாய் திறப்பதற்கு முன்பே அவளுக்கான கிளாஸை எடுத்து வைத்தார். எனக்கு ஒரே பெருமை. அப்பா அந்தக் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாப்பாவுக்கு இஞ்சி பீர் சொல்லட்டுமா என்று அம்மா அங்கிருந்தே கேட்டாள். அப்பா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"பச்சப்புள்ளைக்குப் பீரா?"

தமிழ் தெரியாவிட்டாலும் அந்தக் குரல் அங்கிருந்த அத்தனை பேருக்கும் புரிந்துவிட்டது. ஃபாதர்கூடத் திரும்பிப் பார்த்தார். "பேருதாங்க பீரு, குடிச்சா சோடா" என்று அம்மா ஓடி வந்தாள். அப்படியும் அப்பா ஒரு மிடறு குடித்து, சற்று நேரம் தனக்கு ஏதாவது ஆகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தார். மூக்குக்குள் சுரீர் என்று ஏறியது.

சாப்பாடு வந்தது. சீவி அடுக்கிய கறி, வறுத்த உருளைக்கிழங்கு, நடுவில் குழி விழுந்த பூரி போல ஒன்று, எல்லாவற்றின் மேலும் ஊற்றப் பழுப்பு நிறக் குழம்பு. அப்பா தட்டைப் பார்த்துவிட்டு, "இது வெஞ்சனம். சோறு எப்ப வரும்?" என்று கேட்டார். அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு என் தட்டை இழுத்து, கறியைச் சின்னச் சின்னதாக நறுக்கத் தொடங்கினாள். நாலு வயதுக் குழந்தைக்கு நறுக்குவது போல நறுக்கினாள். நானே சாப்பிடுவேன் என்று சொல்லவில்லை. இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை பிரியாணிப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது, யாராவது கறியைப் பிய்த்து என் பக்கம் வைக்க மாட்டார்களா என்று இருக்கிறது.

அப்பாவின் தட்டில் குழம்பை ஊற்றியபடி அம்மா சொன்னாள்: "நம்ம ஊர்ல ஞாயித்துக்கிழமைன்னா இதுதாங்க."

அப்பாவின் கை நின்றது. அம்மா தப்பாகச் சொல்கிறாள் என்று நினைத்து, "நம்ம ஊர்ல பிரியாணிம்மா" என்று திருத்தினேன். அம்மா சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்பா தட்டில் ஒன்றும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்தார். அம்மாவை ஊருக்குக் கூப்பிட, விமானத்தில் உதடசைத்துச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்த பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

அதனால் நானே கேட்டேன். "அம்மா, எங்ககூட வாரியா?"

அவள் காகிதத்தால் என் வாயைத் துடைத்தாள். நன்றாகத் துடைத்த பிறகும் துடைத்தாள்.

"வாரேன் பாப்பா."

காரியம் முடிந்தது என்று அப்பாவைப் பார்த்தேன். அவர் அம்மாவைப் பார்த்து மெல்லத் தலையாட்டினார். இவ்வளவு நல்ல சேதிக்கு அவர் ஏன் சந்தோஷப்படவில்லை என்று எனக்குக் கோபமாக வந்தது.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் கிளம்புகிற யாரும் போறேன் என்று சொல்வதில்லை. வாசலில் நின்று, வாரேன் என்றுதான் சொல்வார்கள். எனக்கும் அது தெரியும். தினமும் பள்ளிக்கூடம் கிளம்பும்போது அத்தையிடம் நான் சொன்ன சொல்தான். ஆனால் அம்மா நாற்காலியில் அல்லவா உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒருவர் விடைபெற முடியும் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.