வெள்ளிக்கிழமைக் குளியலறை

என் மாமியார் வழுக்கி விழுந்தது ஒரு வெள்ளிக்கிழமை. பெரம்பலூரில் எங்கள் வீட்டுக் குளியலறைக்கு அப்போது சிவப்பு சிமெண்டுத் தரை. பல வருஷத்து நல்லெண்ணெயையும் சீயக்காயையும் குடித்து, முகம் பார்க்கலாம் போல மின்னும். அத்தை வாரம் தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறவர். எப்போதோ விழ வேண்டியவர், அன்றைக்கு விழுந்தார். வலது மணிக்கட்டு உடைந்து, மாவுக்கட்டுப் போட்டு அழைத்து வந்தோம். அரியலூரைத் தனி மாவட்டமாகப் பிரித்து, மறுபடியும் எங்களோடு சேர்த்துவிட்டிருந்த காலம் அது. "மாவட்டத்தையே ஒட்ட வைக்கிறாங்க, இந்தக் கை ஒட்டாதா" என்று பார்க்க வந்தவர்களிடம் அத்தையே சொல்லிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பெல்லாம் மறுநாள் குளிக்கப் போகும்வரைதான். ஒற்றைக் கையால் புடவையை அவிழ்க்க முடியாது, தண்ணீர் மொண்டு ஊற்ற முடியாது. நான்தான் குளிப்பாட்ட வேண்டும். என் சாம்பாரில் உப்பு கூடினால் எதிர்வீட்டுக்குக் கேட்கும்படி சொல்கிறவர், கண்ணை இறுக மூடிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நானும் வேறெங்கோ பார்த்தபடி ஊற்றியதில் பாதித் தண்ணீர் தரைக்குத்தான் போனது. இரண்டு பேருக்கும் உடம்பெல்லாம் கூச்சம்.

துண்டைச் சுற்றிக்கொண்டதும், "கட்டுப் பிரிச்சதும் நானே குளிச்சுக்குவேன் புள்ள. தாப்பாளப் போட்டுக்கிட்டு, எண்ணெ தேச்சு, நிம்மதியா" என்றார்.

வெளியே நின்றிருந்த என் கணவர் உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டார். இனிமேல் எண்ணெய் கிடையாது, தாழ்ப்பாள் கிடையாது, குளிக்கும்போது யாராவது பக்கத்தில் நிற்க வேண்டும். அவர் அரியலூர் பஸ்ஸில் கண்டக்டர். வீட்டிலும் அதே அதட்டல்தான். அத்தை அன்றைக்குச் சாம்பாரைக் குறை சொல்லவில்லை, அதற்கடுத்த நாளும் சொல்லவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

அதனால்தான் குளியலறையை இடித்துக் கட்டலாம் என்ற பேச்சை நான் எடுத்தேன். கட்டுப் பிரிப்பதற்குள் அத்தை தனியாகக் குளிக்கிற மாதிரி ஓர் இடம் தயாராக வேண்டும். அவரும் சம்மதித்தார். ஆனால் திருச்சியில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது லாட்ஜில் பார்த்த பாத்டப் அவர் மனதை விட்டுப் போகவில்லை. "படுத்துக்கிட்டே குளிக்கலாம். விழறதுக்கு வழியே இல்ல பாரு" என்றார்.

நான் வாக்குவாதம் செய்யவில்லை. கொல்லையில் கோலமாவால் தொட்டியின் அளவைப் போட்டு, விளிம்புக்குச் செங்கல் அடுக்கி, "எறங்கிப் படுங்க பாப்போம்" என்றேன். இறங்கினார், ராஜா மாதிரி படுத்தார். எழுந்திருக்கும்போதுதான் பிடிப்பதற்கு ஒன்றுமில்லை. மேலே இருந்த துணிக்கொடியைப் பிடிக்க, துணியோடு கொடியும் அவர் மேலேயே வந்து விழுந்தது. அத்தை ரொம்ப நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "இதுல நான் ஏறி எறங்க இன்னொரு கை வேணும் புள்ள. அதுவுமில்லாம, நம்ம குழாயில தண்ணி வர்ற லட்சணத்துக்கு ஒரு ஆளு குளிக்க ஒரு தொட்டியா?" பாத்டப் பேச்சு அதோடு முடிந்தது.

அதே கோலமாவில் புதுக் குளியலறையையும் வரைந்து, நடுவில் ஒரு ஸ்டூல் போட்டு அத்தையை உட்கார வைத்தேன். தண்ணீரில்லாமல் குளித்துக் காட்டச் சொன்னேன். குனிய வேண்டியிருந்த இடங்களையெல்லாம் மாற்றினோம். உட்கார சுவரோடு ஒரு மேடை, வாளி வைக்க முழங்கால் உயரத்தில் ஒரு திட்டு, உட்கார்ந்தபடியே எட்டுகிற மாதிரி குழாய். செம்பு கனக்கும் என்பதால் குழலோடு கையில் பிடித்துக்கொள்ளும் ஷவர். தடுக்கும் வாசல்படியை எடுத்துவிட்டுத் தரையை உள்பக்கம் சரிப்பது என்றும், கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி வைப்பது என்றும் முடிவானது. உள்ளே விழுந்து கிடப்பவர் மேலேயே கதவைத் தள்ள முடியாதில்லையா.

டைல்ஸ் வாங்கப் போகும்போது, கைப்பையில் ஒரு சின்ன பாட்டில் நல்லெண்ணெயும் சீயக்காய்ப் பொட்டலமும் எடுத்துப் போனேன். கடைக்காரர் பளபளவென்று ஒன்றைக் காட்டி, இதுதான் இப்போது எல்லோரும் போடுவது என்றார். நான் அதன்மேல் எண்ணெயை விட்டு, சீயக்காயைத் தூவித் தண்ணீர் தெளித்தேன். என் கணவர் டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி நழுவிவிட்டார். "நின்னு பாருங்கண்ணே" என்றேன். நல்ல மனுஷர், செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றார். நின்றாரோ இல்லையோ, சறுக்கிப் போய்ப் பக்கத்திலிருந்த வாஷ்பேசினைக் கட்டிக்கொண்டார். பிறகு அவரே உள்ளே போய் ஒரு சொரசொரப்பான டைலைக் கொண்டு வந்தார். எண்ணெயில் அது மட்டும்தான் வழுக்கவில்லை. டீ குடித்துத் திரும்பியவர், "இது காரு நிறுத்துற எடத்துல போடுறதாச்சே" என்றார். "நம்மகிட்ட காரு இல்ல, அத்தைதான் இருக்காங்க" என்றேன்.

அடுத்த தகராறு கைப்பிடி. "ஆஸ்பத்திரிக் கம்பியெல்லாம் எனக்கு வேணாம். நான் என்ன சீக்காளியா?" என்று அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் கணவர் பஸ் பாடி கட்டும் பட்டறைக்குப் போய், பழைய பஸ்ஸின் படிக்கட்டுக் கம்பியை வாங்கி வந்தார். கீழப்பழுவூரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போக அத்தை காலமெல்லாம் பிடித்து ஏறிய மாதிரிக் கம்பி. அதற்கு அத்தை சம்மதித்தார். "கண்ண மூடிக்கிட்டு நில்லும்மா. பஸ் போவுது, போவுது, பிரேக்" என்றார் மகன். அத்தையின் இடது கை சட்டென்று புதுக் குளியலறைச் சுவரில் போய் ஒட்டிய இடத்தில் நான் கரித்துண்டால் கோடு போட்டேன். கொத்தனார் அங்கேதான் கம்பியைப் பதித்தார்.

கடைசியாகத் தாழ்ப்பாள். அதில் அத்தை இறங்கி வரவே இல்லை. "தொறந்துபோட்டுக் குளிக்க நான் என்ன மாடா?" வெளியிலிருந்து கத்தி முனையால் நெம்பித் திறக்கிற மாதிரி ஒரு சின்னத் தாழ்ப்பாள் வைத்தோம். கணவர் தன் பழைய விசிலை மேடைக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினார். "ஏதாவதுன்னா ஒரு விசிலு. குளிச்சு முடிச்சா ரெண்டு."

கட்டுப் பிரித்த வாரத்து வெள்ளிக்கிழமை, அத்தை தானே எண்ணெய் காய்ச்சி எடுத்துக்கொண்டு உள்ளே போனார். தாழ்ப்பாள் விழுந்தது. நாங்கள் இருவரும் கதவையொட்டி நின்றோம். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பிறகு எதுவும் கேட்கவில்லை. என் கணவர் தாழ்ப்பாளை நெம்பக் கத்தியைக் கையில் எடுத்துவிட்டார். அப்போது ஒரு விசில்.

"அம்மா" என்று அவர் கதவில் கை வைத்தார்.

"எனக்கு ஒண்ணுமில்லடா. கதவுக்கடியில நாலு காலு தெரியுது. படியில நிக்காதீங்க, எறங்கிப் போங்க."

ஊரையே அப்படி அதட்டி இறக்கியவர், கத்தியும் கையுமாக அடுப்படிக்கு நடந்தார். நானும் பின்னாலேயே போனேன். அங்கே நின்று சத்தம் வராமல் சிரித்தோம். எனக்குக் கண் கலங்கியும் விட்டது.

வெகுநேரம் கழித்து இரட்டை விசில் கேட்டது. ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்த அத்தை நேராக அடுப்படிக்குத்தான் வந்தார். கரண்டியை எடுத்து, வலது உள்ளங்கையில் ஒரு சொட்டுச் சாம்பார் விட்டு நக்கிப் பார்த்தார்.

"உப்பு கூடிப்போச்சு புள்ள" என்றார், எதிர்வீட்டுக்குக் கேட்கும்படி.